‘கேம் ஓவர்’ எழுத்து பிழைத்துவிட்டது... கருங்கல் போர்டு எழுத்து பிழைக்குமா?

‘டாங்க்’ கேம் ஞாபகம் இருக்கிறதா? 1990-களில் பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் சிரிப்போடுதான் பதில் வரும். கீழே ஒரு கழுகுச் சின்னம், அதைச் சுற்றிச் செங்கல் சுவர், மேலே இருந்து வரிசையாக வரும் எதிரி டாங்கிகள். நம் பிள்ளைகள் ‘டாங்க்’ என்று பெயர் வைத்த அந்த கேமின் நிஜப் பெயர் ‘பேட்டில் சிட்டி’. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1985-ல் வெளியிட்டது. டி.வி-யைப் போட்டதும் முதலில் வருவது அந்தப் பெயர். அதைச் செங்கல்லிலேயே கட்டியிருப்பார்கள். தோற்றுப்போனால் வரும் ‘கேம் ஓவர்’கூடச் செங்கல்தான்!

கருங்கல், மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்தில் பல வீடுகளுக்கு இந்த கேம் வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்த அப்பாவின் பெட்டியிலோ, மாமாவின் பெட்டியிலோதான் வந்தது. சோப்பு, சென்ட், டார்ச் லைட்டுக்கு நடுவே ஒரு மஞ்சள் கேசட். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ‘999999 இன் 1’ என்று பளபளக்கும். உள்ளே இருப்பது என்னவோ பத்துப் பதினைந்து கேம்தான். மீதியெல்லாம் அதே கேம் வேறு வேறு பெயரில் வரும். அப்பா ஊருக்கு வராத வீட்டுப் பிள்ளைகளுக்கு மணிக்கணக்கில் காசு வாங்கும் வீடியோ கேம் கடை இருந்தது.

அந்த கேசட்டுகள் பரணில் தூசு தின்றுகொண்டிருக்கின்றன. ஆனால் அந்தக் காலத்து கேம் எழுத்துகள் சாகவில்லை. உலகம் முழுக்க ரசிகர்கள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, கம்ப்யூட்டரிலும் போனிலும் டைப் செய்யக்கூடிய ஃபான்ட்டாக, அதாவது எழுத்துருவாக மாற்றியிருக்கிறார்கள். யூடியூப் வீடியோ முகப்பில், டி-ஷர்ட்டில், பிறந்தநாள் கேக்கில் என்று எங்கே பார்த்தாலும் அந்தக் கட்டம் கட்டமான எழுத்து இருக்கிறது.

பொழுதுபோக்குக்காக எழுதிய கேம் எழுத்துக்கே இந்த மரியாதை என்றால், நம் ஊர்ப் பெயின்டர்கள் கடை போர்டிலும் சுவரிலும் எழுதிய தமிழ் எழுத்துக்கு? அதையும் இப்படிக் காப்பாற்ற முடியுமா? முடியும். ஆனால் அதற்கு ஒரு அவசரம் இருக்கிறது. அது என்ன என்று புரிய, முதலில் கேம் எழுத்து எப்படிப் பிழைத்தது என்று பார்க்க வேண்டும்.

எட்டுக்கு எட்டு கட்டம்

பழைய கேம் எழுத்தெல்லாம் ஏன் ஒரே ஜாடையில் இருக்கிறது? காரணம், இடநெருக்கடி.

நாம் விளையாடிய ‘சாமுராய்’, ‘மீடியா’, ‘லிட்டில் மாஸ்டர்’ பெட்டிகள் எல்லாமே நின்டெண்டோ 1983-ல் ஜப்பானில் கொண்டுவந்த ஃபேமிகாம் வகையறாதான். அதன் திரையில் குறுக்கே 256 புள்ளி, நெடுக்கே 240 புள்ளி. அதை 8-க்கு 8 புள்ளி கொண்ட சின்னச் சின்ன ஓடுகளாகப் பிரித்திருந்தார்கள். குறுக்கே 32 ஓடு, நெடுக்கே 30 ஓடு. தரையில் டைல்ஸ் பதிப்பது மாதிரி, படம் முழுவதும் இந்த ஓடுகளைப் பதித்துத்தான் உருவானது.

ஒரு நேரத்தில் கையில் இருக்கும் ஓடு 512 மட்டும். அதற்குள் ஹீரோ, வில்லன், மரம், மதில், மேகம் எல்லாம் அடங்க வேண்டும். ‘சூப்பர் மாரியோ’வில் மேலே மிதக்கும் மேகத்தையும் கீழே இருக்கும் புதரையும் அடுத்த முறை உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம்தான். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர்! அவ்வளவு சிக்கனம்.

இந்த நெருக்கடியில் எழுத்துக்கு என்ன இடம் கிடைக்கும்? ஒரு எழுத்துக்கு ஒரு ஓடு. அடுத்த எழுத்தோடு ஒட்டாமல் இருக்க ஒரு வரிசையை விட்டுவிட்டால், மிஞ்சுவது 7-க்கு 7 புள்ளி. அதற்குள் எழுதிக் காட்ட வேண்டும்.

இதில் மிகப் பிரபலமான வடிவம் 1976-ல் பிறந்தது. அமெரிக்காவின் அட்டாரி நிறுவனத்தோடு சேர்ந்த கீ கேம்ஸ் வெளியிட்ட ‘க்விஸ் ஷோ’ என்ற கேமில் அது முதலில் வந்தது. நின்ற கோடு இரண்டு புள்ளி தடிமன், படுத்த கோடு ஒரு புள்ளி. பழைய பிக்சர் டியூப் டி.வி-யில் ஒற்றைப் புள்ளி அகலத்தில் நிற்கும் கோடு மங்கிப்போகும். அதனால்தான் அந்தத் தடிமன். பிறகு நாம்கோ அந்த வடிவத்தைத் தன் கேம்களில் எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்து மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘பேக்-மேன்’ காலத்து எழுத்து என்று நாம் இன்று நினைப்பது அதைத்தான்.

இன்று அந்த எழுத்து ‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’ என்ற பெயரில் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. 1980-களின் நாம்கோ கேம் எழுத்தைப் பார்த்து ஒரு ரசிகர் உருவாக்கியது. ஜப்பானைச் சேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர் டோஷி ஓமகாரி, இப்படிப்பட்ட ஆர்கேட் எழுத்துகளை நூற்றுக்கணக்கான கேம்களில் தேடி எடுத்து 2019-ல் ‘ஆர்கேட் கேம் டைப்போகிராஃபி’ என்று ஒரு புத்தகமே போட்டுவிட்டார்.

சிப்பில் இருப்பதும், அட்டையில் இருப்பதும்

பழைய கேம் எழுத்தில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, திரைக்குள் வருவது. ஸ்கோர், ஆட்டக்காரர் பெயர், ‘கேம் ஓவர்’ எல்லாம் இந்த வகை. இதன் ஒவ்வொரு எழுத்தும் கேசட்டின் சிப்பில் பதிவாகியிருக்கிறது. கேசட் ஓடினால் போதும், அதை அப்படியே புள்ளி புள்ளியாக வெளியே எடுத்துவிடலாம். சந்தேகத்துக்கே இடம் இல்லை.

இரண்டாவது, கேசட் அட்டையிலும் ஆர்கேட் பெட்டியின் பக்கவாட்டிலும் ஓவியர் கையால் வரைந்த தலைப்பு எழுத்து. நெருப்பு பறக்கிற மாதிரி, இரும்பு உருகுகிற மாதிரி எல்லாம் இருக்குமே, அது. இது எந்தச் சிப்பிலும் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அட்டையில் இருப்பது கேமின் பெயர் மட்டும்தான். ‘கான்ட்ரா’ என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத ஆறு எழுத்து போதும். ‘பேக்-மேன்’ பெயரில் திரும்ப வரும் எழுத்தைக் கழித்தால் மொத்தமே ஐந்து எழுத்து. ஃபான்ட் செய்ய வேண்டுமானால் 26 எழுத்தும், எண்களும், காற்புள்ளியும், கேள்விக்குறியும் வேண்டும். மீதிக்கு எங்கே போவது?

ரசிகர்கள் செய்வது இதுதான். முதலில் அட்டையைக் கோணல் இல்லாமல் படம் எடுக்கிறார்கள். அதை கம்ப்யூட்டரில் வைத்து, எழுத்தின் ஓரத்தை வளைகோடுகளால் பிரதி எடுக்கிறார்கள். பிறகு கிடைத்த எழுத்துகளை உட்கார்ந்து படிக்கிறார்கள். கோட்டின் தடிமன் எவ்வளவு? முனை கூர்மையா, மழுங்கலா? வளைவு முழு வட்டமா, சப்பையா? இந்த ஜாடை பிடிபட்டுவிட்டால், இல்லாத எழுத்தை ஊகித்து வரையலாம். தாத்தா போட்டோவையும் பேரன் போட்டோவையும் வைத்துக்கொண்டு நடுவில் அப்பா எப்படி இருந்திருப்பார் என்று வரைகிற மாதிரி.

கனடாவைச் சேர்ந்த ரே லாராபி என்பவர் இதில் கெட்டிக்காரர். ‘தி பிரைஸ் இஸ் ரைட்’ என்ற அமெரிக்க டி.வி நிகழ்ச்சியின் தலைப்பு எழுத்தைப் பார்த்து, ‘பிரைஸ்டவுன்’ என்ற முழு எழுத்துருவை அவர் உருவாக்கினார். அதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். உங்கள் வீட்டுப் பையனைக் கேளுங்கள், உடனே சொல்லிவிடுவான். ‘ஜி.டி.ஏ.’ கேமின் தலைப்பு அந்த எழுத்துதான்! ஒரு டி.வி போர்டில் இருந்த சில எழுத்து, ஃபான்ட் ஆகி, உலகின் மிகப் பெரிய கேம்களில் ஒன்றின் முகமாகிவிட்டது.

தமிழுக்கு எட்டுக் கட்டம் போதுமா?

சரி, இதே பழைய கேம் எழுத்தைத் தமிழில் செய்தால் என்ன? ‘டாங்க்’ கேமில் தமிழில் ‘ஆட்டம் முடிந்தது’ என்று செங்கல்லில் வந்தால் எப்படி இருக்கும்!

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு புள்ளி அகலக் கோடு, நடுவில் ஒரு புள்ளி இடைவெளி. இப்படி வைத்தால் நான்கு நின்ற கோடுகளுக்கு 7 புள்ளி ஆகிவிடும். ஐந்தாவது கோடு வந்தால் 9 வேண்டும். நாம்கோ மாதிரி இரண்டு புள்ளித் தடிமன் வேண்டுமென்றால், மூன்று கோட்டிலேயே 8 புள்ளியும் தீர்ந்துவிடும். ஆங்கிலத்துக்கு இது போதும். இப்போது ஒரு தாளில் ‘ண’ எழுதுங்கள். இடமிருந்து வலமாக எத்தனை முறை கோடு ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். அடுத்து ‘ணூ’ எழுதுங்கள். பிறகு ‘ஞீ’. எட்டுக் கட்டம் கண்ணீர் விட்டுவிடும்.

அகலம் மட்டும் பிரச்னை இல்லை. ‘க்’ என்றால் தலைக்கு மேலே புள்ளி. ‘கீ’ என்றால் மேலே சுழி. ‘கூ’ என்றால் சுற்றி வரும் வால். ‘ழு’ என்றால் கீழே இறக்கம். மேல் மாடியும் வேண்டும், நிலவறையும் வேண்டும்.

ஜப்பானியர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. அவர்கள் எழுத்தின் மேலே இரட்டைக் கீற்று போடும் வழக்கம் உண்டு. ஃபேமிகாம் கேம்களில் அந்தக் கீற்றை மட்டும் தனி ஓடாக மேல் வரிசையில் வைத்தார்கள். நம் மெய்யெழுத்துப் புள்ளியைத் தனியாகப் பிரித்து மேல் வீட்டில் குடிவைத்த மாதிரி! 1986-ல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ கேமில் இடம் போதாமல், கத்தகானா என்ற எழுத்து வரிசையில் 20 எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த 20-ல் எழுத முடிகிற பெயர்தான் பூதங்களுக்கே கிடைத்தது.

தமிழுக்கு 16-க்கு 16 கட்டம் கொடுத்தால் மூச்சு விடலாம். எத்தனை எழுத்து வரைய வேண்டும்? 247 என்று பயப்பட வேண்டாம். உயிர் 12, ஆய்தம் 1, அகர வரிசை 18, புள்ளி வைத்த மெய் 18. இ, ஈ, உ, ஊ வரிசைகளில் ஒவ்வொன்றிலும் 18 ஆக 72. கூட்டினால் 121. மீதி எல்லாம் காலும் கொம்பும் சேர்த்தால் வந்துவிடும். அந்தக் கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி வகையறா ஐந்தைச் சேர்த்தால் 126. ஜ, ஷ, ஸ, ஹ வரிசைகள் தனி. ஆங்கிலத்தின் 26-ஐவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு வேலை. அதனால்தான் ஆங்கிலத்தில் அலங்கார எழுத்துரு ஆயிரக்கணக்கில் கொட்டிக் கிடக்க, தமிழில் மிகக் குறைவாக இருக்கிறது.

ஆனாலும் செய்திருக்கிறார்கள். இலங்கையின் தாரிக் அஸீஸ், சாய்ந்த கையெழுத்து ஜாடையில் ‘கவிவனார்’ என்ற எழுத்துருவைத் தந்திருக்கிறார். பிரியா ரவிச்சந்திரன் நம் கட்டுமரத்தின் பெயரில் ‘கட்டமரான்’ செய்தார். மும்பையின் ‘ஏக் டைப்’ குழு கொழுகொழு எழுத்தாக ‘பாலூ தம்பி’யைத் தந்தது. மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-லேயே ‘முரசு அஞ்சல்’ மூலம் கம்ப்யூட்டருக்குத் தமிழைக் கொண்டுவந்தவர். ஆப்பிள் கருவிகளில் நாம் பார்க்கும் ‘தமிழ் சங்கம்’ எழுத்துருவும் அவர் வரைந்ததுதான்.

‘கருங்கல்’ என்ற ஐந்து எழுத்து

இப்போது ஊருக்கு வருவோம். கருங்கல் சந்திப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது ஃப்ளெக்ஸும், லைட் போர்டும்தான். எந்த ஊருக்குப் போனாலும் அதே நாலைந்து எழுத்து. கம்ப்யூட்டரில் இருப்பதைத் தட்டிவிட்டால் ஃப்ளெக்ஸ் வந்துவிடுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால்தான் மற்றது தெரியும். மரக்கதவுப் பலகையில், பழைய ஷட்டருக்கு மேலே, ஓட்டுக் கட்டடத்தின் நெற்றியில், பஸ்ஸின் வழித்தடப் பலகையில், இனாமல் பெயின்ட்டில் பிளாட் பிரஷ்ஷால் எழுதிய எழுத்து. நூல் பிடித்து, சாக்பீஸால் கோடு போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் இழுத்தது. சிவப்பு எழுத்துக்கு மஞ்சள் ஷேடு, நீலத்துக்கு வெள்ளை ஷேடு.

குமரி மாவட்டத்தின் பெரும்பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தது. எல்லையோரம் என்பதால் தமிழும் மலையாளமும் இரண்டுமே எழுதத் தெரிந்த கைகள் இங்கே உண்டு. அந்தப் பழக்கத்தின் உருண்டை சில போர்டுகளில் தமிழ் எழுத்திலும் ஏறியிருக்கும். அது இந்தப் பக்கத்துக்கே உரிய ஜாடை. எந்த ஃப்ளெக்ஸ் கடை கம்ப்யூட்டரிலும் அது கிடையாது.

கேம் அட்டையில் செய்த வேலையை இங்கே செய்து பார்ப்போம். ‘கருங்கல்’ என்று எழுதிய ஒரு பழைய பலகை கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது க, ரு, ங், க, ல். இதிலிருந்து என்னவெல்லாம் எடுக்கலாம்?

‘க’ இருப்பதால் ‘த’வுக்கும் ‘ச’வுக்கும் வழி கிடைத்துவிட்டது. தலைப்பக்கம் ஒரே குடும்பம். ‘ரு’விலிருந்து வாலைக் கழற்றினால் ‘ர’. ‘ர’ இருந்தால் காலும் வந்துவிடும். ‘ல’வின் சுழியிலிருந்து ‘வ’வின் சுழிக்குப் போகலாம். இரண்டு மெய்யில் புள்ளி இருக்கிறது. அது வட்டமா, சதுரமா, சின்ன வளையமா என்பது தெரிந்தால் 18 மெய்க்கும் புள்ளி தயார். ‘ங’வையும் இந்த ஊர்ப் பெயரே கொடுத்துவிடுகிறது. அதுவரை அதிர்ஷ்டம்தான்.

ஆனால் ‘ழ’? ‘ஞ’? ‘ஐ’? ‘டீ’? இந்த ஐந்து எழுத்தும் அதற்குச் சாட்சி சொல்லாது. அதே பெயின்டர் எழுதிய ‘டீ ஸ்டால்’ போர்டு வேண்டும். ‘பழக்கடை’ வேண்டும். ‘ஐஸ்’ வேண்டும். ‘ஞாயிறு விடுமுறை’ வேண்டும். ஒரு போர்டு போனால் ஒரு எழுத்து போச்சு.

இன்னொன்றும் உண்டு. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. பெரியார் 1935-லேயே தன் ‘குடி அரசு’ இதழில் பயன்படுத்தத் தொடங்கிய வடிவங்கள் அவை. அதற்கு முன் ‘லை’, ‘ளை’, ‘னை’, ‘ணை’ எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி முன்னால் வளைந்த கொம்போடு இருக்கும். ‘றா’, ‘னா’, ‘ணா’வுக்குக் கீழே சுழித்த வடிவம். மொத்தம் 13 எழுத்து மாறியது. பள்ளியில் பழைய வடிவத்தில் படித்த பெயின்டர்கள் அதற்குப் பிறகும் பழக்கத்தில் அப்படியே எழுதினார்கள். அப்படி ஒரு ‘மளிகைக் கடை’ போர்டு உங்கள் கண்ணில் பட்டால், அந்த ‘ளி’யைவிட ‘கை’யை விட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் ‘விலை’ என்று எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். துதிக்கை அங்கேதான் இருக்கும். இன்றைய எழுத்துருவில் புதிய ‘லை’, பழைய ‘லை’ இரண்டையுமே வைக்கலாம். வேண்டியவர் வேண்டியதைத் தேர்ந்துகொள்ள வசதி இருக்கிறது.

டெல்லியில் ஒருவர் செய்துகாட்டினார்

இது நடக்கிற காரியமா என்றால், நடந்திருக்கிறது. ஹனீஃப் குரேஷி என்ற ஓவியர் டெல்லியில் ‘ஹேண்ட்பெயின்ட்டட் டைப்’ என்ற முயற்சியைத் தொடங்கினார். தெருவோரப் பெயின்டர்களிடம் நேராகப் போனார். துணியில் அவர்கள் பாணியில் எல்லா எழுத்தையும் எழுதித் தரச் சொன்னார். எழுதியதை ஃபான்ட்டாக மாற்றினார். அந்த எழுத்துருவுக்கு அந்தப் பெயின்டரின் பெயரையே வைத்தார். ‘பெயின்டர் கஃபீல்’, ‘பெயின்டர் உமேஷ்’ என்று. விற்பதில் ஒரு பங்கு அவர்களுக்கு. ஹனீஃப் 2024-ல் காலமாகிவிட்டார். எழுத்துகள் இருக்கின்றன.

அவர் செய்த ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர் போர்டை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து, மீதி எழுத்தை ஊகிக்கவில்லை. எழுதியவரையே எழுதச் சொன்னார்.

கேம் எழுத்துக்கும் போர்டு எழுத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். கேம் எழுத்தைச் சிப் காப்பாற்றியது. யார் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் 40 வருடம் அது உள்ளேயே உட்கார்ந்திருந்தது. போர்டு எழுத்தின் மீதி அத்தனையும் இருப்பது ஒரு மனிதரின் கையில். அவர் ‘ஞ’வை எப்படி வளைப்பார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பிரஷ்ஷை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. கை நடுங்க ஆரம்பித்தால் அந்த எழுத்து நடுங்கும். அதற்குப் பிறகு நாம் என்ன செய்தாலும் அது ஊகம்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

பெரிய ஸ்டூடியோ எல்லாம் வேண்டாம். ஒரு குடும்பமே சேர்ந்து செய்யலாம்.

*முதலில் போட்டோ:* போர்டுக்கு நேர் எதிரே நின்று எடுங்கள். கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் எழுத்து மேலே குறுகிவிடும். எதிர்க் கடை மாடி கிடைத்தால் நல்லது. வெயில் சாய்ந்த பிறகு எடுத்தால் பளபளப்பு இருக்காது. அளவு தெரிய ஒரு ஸ்கேலையோ, ஒரு ஆளையோ பக்கத்தில் நிறுத்தி இன்னொரு படம்.

*பெயின்டரைக் கண்டுபிடியுங்கள்:* பல போர்டுகளில் வலது கீழ் மூலையில் சின்னதாகப் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள். தெரியாதவர் ஊரில் யாருமே இருக்க மாட்டார்கள்.

*எழுதச் சொல்லுங்கள்:* வெள்ளைச் சார்ட் பேப்பர், அவருக்குப் பழகிய பிரஷ், பெயின்ட். உயிர் 12, ஆய்தம், அகர வரிசை, மெய். பிறகு இ, ஈ, உ, ஊ வரிசைகள். எண்கள். அவர் எப்போதும் போடும் ஷேடு, பூ, கோடு. அவர் எழுதும்போது கையை வீடியோ எடுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து பிரஷ் தொடங்குகிறது என்பது பிறகு ரொம்ப உதவும். முக்கியமாக, ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். இது வேலை. உபகாரம் இல்லை.

*கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள்:* கோட்டுப் பிரதி எடுக்க ‘இங்க்ஸ்கேப்’, எழுத்துரு செய்ய ‘ஃபான்ட்ஃபோர்ஜ்’. இரண்டும் இலவசம். ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். எழுத்துரு யூனிகோடில் இருக்க வேண்டும். டி.டி.பி. கடைகளில் ஓடும் ‘பாமினி’ மாதிரி பழைய முறையில் செய்தால், அந்தக் கம்ப்யூட்டரை விட்டு வெளியே வந்ததும் எழுத்து ஜிலேபி ஆகிவிடும். யூனிகோடில் இருந்தால் வாட்ஸ்அப்பில் வந்த வரியைக்கூட அப்படியே எடுத்து அந்த எழுத்துக்கு மாற்றிவிடலாம்.

*பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு:* ‘டாங்க்’ கேமில் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று ஒரு பகுதி உண்டு. 13-க்கு 13 கட்டத்தில் நாமே செங்கல் அடுக்கி மைதானம் கட்டலாம். அதில் தன் பெயரின் முதல் எழுத்தைக் கட்டிப் பார்க்காத பிள்ளை உண்டா! அதே வேலையைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் 16-க்கு 16-ல் செய்யச் சொல்லுங்கள். 2008-ல் தொடங்கிய ‘ஃபான்ட்ஸ்ட்ரக்ட்’ என்ற இலவசத் தளத்தில் இதையே திரையில் செய்யலாம். அங்கேயும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘செங்கல்’ என்றுதான் பெயர். உயிர்மெய் சேரும் விதிகளை எழுத மட்டும் பிறகு ஃபான்ட்ஃபோர்ஜ் பக்கம் போக வேண்டும். ‘ழ’வைக் கட்டம் கட்டமாக அடுக்கிய பிள்ளை அதை வாழ்நாளில் தப்பாக எழுதாது.

யார் பெயரில்?

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம், உரிமை. அமெரிக்கச் சட்டத்தில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, ஆனால் ஃபான்ட் என்ற கம்ப்யூட்டர் கோப்புக்கு உண்டு. அதனால்தான் ரசிகர்கள் பழைய கேம் எழுத்தைத் தாங்களே மறுபடி வரைகிறார்கள், யாருடைய கோப்பையும் நகல் எடுப்பதில்லை. கேமின் பெயரும் சின்னமும் அந்தந்த நிறுவனத்தின் வணிக முத்திரை. அதைப் போட்டு டி-ஷர்ட் விற்றால் நோட்டீஸ் வரும்.

நம் ஊர்ப் பெயின்டரிடம் நோட்டீஸ் அனுப்ப வக்கீல் இல்லை. அதனால் நாம்தான் கூடுதலாக யோக்கியமாக இருக்க வேண்டும். அவர் சம்மதத்தை எழுதி வாங்குங்கள். விற்பதாக இருந்தால் பங்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசுங்கள். எல்லோருக்கும் இலவசமாகத் தருவதாக இருந்தால், எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமம் என்று ஒன்று இருக்கிறது. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், ஆனால் எழுத்துருவை மட்டும் தனியாக விற்க முடியாது. எந்த வழியானாலும் எழுத்துருவுக்கு அவர் பெயர் இருக்கட்டும்.

ஏனென்றால், பெயர் இல்லாமல் போவது எப்படி வலிக்கும் என்பதற்கு கேம் உலகத்திலேயே ஒரு கதை உண்டு. அட்டாரி நிறுவனம் ஒரு காலத்தில் கேம் எழுதியவர்கள் பெயரை வெளியே போடாது. வாரன் ராபினெட் என்ற இளைஞர் ‘அட்வெஞ்சர்’ என்ற கேமை உருவாக்கினார். 1980-ல் அது விற்பனைக்கு வந்தது. நிறுவனத்துக்குத் தெரியாமல் உள்ளே ஒரு ரகசிய அறையைக் கட்டி, அதன் சுவரில் ‘இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட்’ என்று எழுதிவைத்துவிட்டார். விளையாடிய ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. ‘ரெடி பிளேயர் ஒன்’ படம் பார்த்தவர்களுக்கு இந்த அறை ஞாபகம் இருக்கும். கிளைமாக்ஸே அதுதான்.

போர்டின் வலது கீழ் மூலையில், தூசுக்கும் சிலந்தி வலைக்கும் அடியில், சின்னப் பிரஷ்ஷால் எழுதிய ஒரு பெயர் இருக்கிறதே... அதுவும் ஒரு ரகசிய அறைதான். அடுத்த முறை கருங்கல் சந்தைக்குப் போகும்போது, இல்லை உங்கள் ஊர்க் கடைத்தெருவில் நடக்கும்போது, அண்ணாந்து அந்த மூலையைப் பாருங்கள். பெயர் இருந்தால், போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். “அண்ணே, உங்க ‘ஞ’ எப்படி இருக்கும், ஒருக்கா எழுதிக் காட்டுங்க” என்று கேளுங்கள்.